கடைத்தெருவும் தேடுபொறியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இவ்விழாவிற் பேசும்படி என்னை அழைத்த காரியதரிசி அவர்கள், இளைஞருக்குப் பயன்படுவதாயும் முதியோருக்கு விளங்குவதாயும் ஒரு விடயத்தை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார்கள். இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்துவது யாது என்று எண்ணிப் பார்த்தேன். இளைஞரின் கையில் எப்பொழுதும் இருப்பது கைத்தொலைபேசி. முதியோரின் கவலையில் எப்பொழுதும் இருப்பது கடை. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நமது ஊர்க் கடைகளும் தொழிலகங்களும், இணையத்திலே தேடுகின்ற வாடிக்கைக்காரரைத் தம் வாசலுக்கு வரச்செய்வது எவ்வாறு என்பதே என் பொருள்.

இது வர்த்தக சங்கத்திற் பேசவேண்டிய பேச்சல்லவா என்று சிலர் நினைக்கலாம். அவ்வாறன்று. நமது ஊர்களிலே ஒரு சயிக்கிள் திருத்தும் கடை, ஒரு தையற்கடை, ஓர் அரைக்கும் மில் என்பன தனியொருவரின் பிழைப்பு மாத்திரம் அல்ல. அவற்றில் வேலை பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவற்றின் வருமானத்தாற் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். கோயிற் திருவிழாவுக்கும் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் உபயம் கேட்டு நாம் முதலிற் போவதும் அந்தப் படிகளுக்கேயன்றோ? அக்கடைகள் ஒவ்வொன்றாய் மூடப்படுமாயின், ஊரிலே தொழில் இல்லையென்று நமது பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வழி பார்ப்பதைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆகவே இது இளைஞர் சங்கத்தின் விடயமே.

விற்பவன் தான் இருக்குமிடத்தை வாங்குபவனுக்கு அறிவிக்க வேண்டும் என்பது புதிய சங்கதியன்று. காவிரிப்பூம்பட்டினத்திற் பறந்த பலவகைக் கொடிகளைக் கூறும் பட்டினப்பாலை, கள் விற்குமிடத்துக் கொடியையும் சேர்த்தே கூறுகின்றது. கொடிக்குப் பின் பெயர்ப்பலகை வந்தது. பலகைக்குப் பின் அச்சு வந்தது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் றூபன் டொனெலி என்பவர் தொழில்வாரியாகப் பெயர்களை வகுத்து ஒரு விபரக்கொத்தை வெளியிட்டார். மஞ்சட் பக்கங்கள் என்று பின்னர் உலகெங்கும் பரவிய வழக்கத்துக்கு அதுவே வித்து. நமது நாட்டிலும் தொலைபேசி விபரக்கொத்தின் பக்கங்களைப் புரட்டி மின்சார வேலைக்காரரைத் தேடிய காலத்தைப் பெரியோர்கள் அறிவார்கள்.

ஆயினும் யாழ்ப்பாணத்திலே கொடியிலும் பலகையிலும் அச்சிலும் மேலாக நின்றது வாய்ச்சொல். நகை செய்யவேண்டுமா? கஸ்தூரியார் வீதியில் இன்னாரிடம் போ என்று மாமி சொல்லுவா. கிணற்று இயந்திரம் பழுதா? சந்தியிலே இன்ன கடைக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்று அயலவர் சொல்லுவார். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே உறவு உண்டு. சொல்பவருக்கும் கடைக்காரருக்கும் இடையே பழக்கம் உண்டு. இந்தச் சங்கிலியே நமது வியாபாரத்தின் முதுகெலும்பாக இருந்தது.

அந்தச் சங்கிலி அறுந்த வரலாற்றை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் வடபகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அவர்கள் நடத்திய கடைகளும் அவற்றோடிருந்த பழக்கமும் அறுந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டுத் தென்மராட்சிக்குச் சென்றபோது, கடைக்காரர் ஒரு திசையும் வாடிக்கைக்காரர் ஒரு திசையுமாயினர். 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தவர்களிற் பலர் பழைய இடத்துக்கு வரவில்லை. வந்தவர்களுக்குப் பழைய அயலவர் இல்லை. இன்று நமது வீதிகளில் நடப்பவர்கள் யார்? வேறு மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவர்கள். தென்னிலங்கையிலிருந்து வரும் பிரயாணிகள். நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாட்களுக்குமாகக் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வந்திறங்கும் நமது சொந்தங்களின் பிள்ளைகள். இவர்களுக்கு நமது ஒழுங்கைகள் தெரியா. "ஆரைக் கேட்கலாம்?" என்று கேட்பதற்கும் ஆள் இல்லை. ஆகவே அவர்கள் கையிலுள்ள தொலைபேசியைக் கேட்கிறார்கள்.

அந்தத் தொலைபேசி என்ன விடை கூறுகின்றது? அதனுள்ளே எழுதப்பட்டிருப்பதைக் கூறுகின்றது. நமது கடையைப் பற்றி அதனுள்ளே ஒன்றும் எழுதப்படவில்லையாயின், 40 வருடம் நாணயமாக நடந்த கடையும் அந்த அந்நியருக்கு இல்லாத கடையே. நம்முன் இருக்கும் பிரச்சினை இதுதான்.

தேடுபொறி என்பது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து மாணவர்களாயிருந்த லறி பேஜ், சேர்ஜி பிறின் என்னும் இருவர் 1998ஆம் ஆண்டிற் கூகிள் என்னும் கம்பனியைத் தொடக்கினர். இணையத்திலுள்ள பக்கங்களை யந்திரமே ஓயாது வாசித்து, பெரிய நூலகத்தின் அட்டவணைபோல ஒன்றை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளும். நாம் ஒரு சொல்லைக் கேட்டதும், அந்த அட்டவணையைப் பார்த்துப் பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டும். பிற பக்கங்கள் எந்தப் பக்கத்தைச் சுட்டிக் காட்டுகின்றனவோ அதற்குக் கூடிய மதிப்பு என்பது அவ்விருவரும் கண்ட உபாயம். ஊரிலே பலரும் யாரைச் சுட்டுகிறார்களோ அவரே கெட்டிக்காரர் என்று நாம் கொள்வதும் அதே நியாயந்தான்.

2005ஆம் ஆண்டில் அக்கம்பனி வரைபடத்தையும் வெளியிட்டது. அதன்பின் "எங்கே?" என்ற கேள்விக்கும் விடை கிடைக்கலாயிற்று. கடைக்காரர் தமது விபரங்களைத் தாமே பதிந்து நிருவகிக்கும் ஏற்பாடு 2014ஆம் ஆண்டில் ஒழுங்காக அமைந்தது. 2021ஆம் ஆண்டில் அதற்கு கூகிள் பிசினஸ் புறொபைல் என்று பெயர் மாற்றினர். நாம் அதைக் கடைக்குறிப்பு என்று அழைப்போம். இதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை.

ஒருவர் "அரைக்கும் மில்" என்று தேடும்போது, பத்து மில்கள் இருக்க மூன்று மாத்திரம் முன்னே தோன்றுவது ஏன்? அக்கம்பனி மூன்று நியாயங்களைக் கூறுகின்றது. முதலாவது பொருத்தம்: கேட்ட பொருளும் கடையின் தொழிலும் ஒத்திருக்கின்றனவா என்பது. இரண்டாவது தூரம்: கேட்பவர் நிற்குமிடத்துக்குக் கடை எவ்வளவு அண்மையில் உள்ளது என்பது. மூன்றாவது பிரசித்தம்: அக்கடையைப் பற்றிப் பிறர் எவ்வளவு பேசுகிறார்கள், எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்பது.

இவற்றுள் தூரம் நமது கையில் இல்லை. சுன்னாகத்து மில்லைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாவகச்சேரியில் வைக்க முடியாது. இதிலிருந்தே ஓர் உண்மை புலப்படுகின்றது: நல்லூரில் நின்று தேடுபவருக்கு வரும் வரிசை வேறு, கோப்பாயில் நின்று தேடுபவருக்கு வரும் வரிசை வேறு. எனவே, "உங்கள் கடையை எப்பொழுதும் முதலாம் இடத்தில் வைத்துத் தருகிறோம், இவ்வளவு காசு தாருங்கள்" என்று எவரேனும் தொலைபேசியிற் பேசினால், அவர் செய்யமுடியாததைச் சொல்லுகிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கக்கூடியது விளம்பரம். அது விளம்பரம் என்ற குறியோடு வேறாகக் காட்டப்படும். இயல்பான வரிசையில் இடத்தை விற்பதில்லை என்பதே அக்கம்பனியின் கொள்கை.

பிரசித்தம் மெதுவாக வளர்வது. ஆனால் பொருத்தம் முழுவதும் நமது கையிலேயே உள்ளது. அதிலேதான் நம்மவர்கள் பின்தங்கி நிற்கிறார்கள்.

கடைக்குத் தெய்வத்தின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ வைப்பது நமது வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் அந்தப் பெயரைக்கொண்டு உள்ளே விற்பது இரும்புச் சாமானா, புடைவையா, மருந்தா என்று யந்திரம் அறியாது. ஊரவர் அறிவர், யந்திரம் ஊரவர் அன்று. ஆதலால் கடைக்குறிப்பிலே தொழிலின் வகையைச் சரியாகத் தெரிந்தெடுக்க வேண்டும். அதற்காகப் பெயரோடு பத்துச் சரக்குகளின் பெயரையும் சேர்த்து நீட்டக்கூடாது. பலகையில் உள்ள பெயரே குறிப்பிலும் இருக்கவேண்டும் என்பது விதி; மீறினாற் குறிப்பையே நிறுத்திவிடக்கூடும். சரக்குகளைச் சொல்வதற்கு வேறு இடம் உண்டு.

அடுத்தது திறக்கும் நேரம். பூரணை நாளில் திறப்பீர்களா? வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டுவீர்களா? தைப்பொங்கலுக்கு எத்தனை நாள் விடுமுறை? உள்ளூரவர் பூட்டிய கதவைக் கண்டால், "நாளைக்கு வருவம்" என்று போவார். பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்தவர் பூட்டிய கதவைக் கண்டால் இன்னொரு முறை வரமாட்டார். தமக்குத் தெரிந்தவரையும் வரவிடமாட்டார். விசேட நாட்களின் நேரத்தை முற்கூட்டியே பதிந்து வைப்பதற்கு வசதி இருக்கின்றது. ஐந்து நிமிட வேலை.

அடுத்தது இடம். நமது ஒழுங்கைகள் பலவற்றில் இலக்கம் இல்லை. இலக்கம் இருந்தாலும் பழைய இலக்கம், புதிய இலக்கம் என்று இரண்டு. வரைபடத்திலே குற்றி வைக்கும் புள்ளி சரியான வாசலில் இருக்கவேண்டும். நூறு யார் தள்ளியிருந்தால் வந்தவர் மற்றொருவரின் வளவுக்குள் நிற்பார். விலாசம் இல்லாத இடத்துக்கும் உதவும் ஒரு குறியீட்டு முறை உண்டு. பிளஸ் கோட் என்பது அதன் பெயர். சில எழுத்துக்களும் இலக்கங்களும் சேர்ந்த சிறு குறியீட்டைத் தொலைபேசியில் அடித்தால் அது ஒரு சிறு சதுர நிலத்தைக் காட்டிவிடும். ஒழுங்கைக்குள் இருக்கும் தச்சுப்பட்டறைக்கு இதைவிட நல்ல விலாசம் இல்லை.

இனிப் பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. இது நமக்கே உரிய பிரச்சினை. நாம் "ரயர்" என்று எழுதுகிறோம். தமிழகத்தார் "டயர்" என்று எழுதுகிறார்கள். நாம் "சவர்க்காரம்" என்போம். அவர்கள் "சோப்பு" என்பார்கள். நாம் "சப்பாத்து" என்போம். இங்கே வளரும் பிள்ளைகளே இப்பொழுது "ஷூ" என்கிறார்கள். தேடுபவர் எந்தச் சொல்லை அடிப்பார்? அதைக் கடைக்காரர் தீர்மானிக்க முடியாது. ஆகையால் நமது வழக்கையும் எழுதுங்கள், மற்ற வழக்கையும் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள், சிங்களம் பேசும் வாடிக்கைக்காரர் வருவாராயின் சிங்களத்திலும் எழுதுங்கள். நமது சொல்லை எழுதாமல் விட்டால், நாளடைவில் யந்திரத்துக்கு அச்சொல் தெரியாமலே போய்விடும்.

இதனோடு சேர்த்து எழுத்துருவையும் கவனிக்க வேண்டும். நமது அச்சகங்களிலும் வெளிநாடுகளிலும் நெடுங்காலம் வழங்கியது பாமினி எழுத்துரு. அதிலே "அம்மா" என்று கண்ணுக்குத் தெரிவது, யந்திரத்துக்குள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கோவையாகவே கிடக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்குத் தமிழ் அன்று. யூனிகோட் என்னும் பொதுமுறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2010ஆம் ஆண்டில், இணைய விலாசத்தின் முடிவிலே ".இலங்கை" என்று தமிழில் எழுதும் உரிமையும் கிடைத்தது. வசதிகள் வந்துவிட்டன, பழக்கம்தான் வரவில்லை. விலைப்பட்டியலை அழகான படமாகச் செய்து பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி சரியாக வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வட்ஸ்அப்பிற் சென்றதோ அதன் கண்ணுக்கே படாது. படமும் போடுங்கள், அதே விபரத்தை யூனிகோட் எழுத்திலும் எழுதி வையுங்கள்.

இனிப் பிரசித்தத்துக்கு வருவோம். வாடிக்கைக்காரர் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டு நாலு வரி எழுதுகிறார்கள். இது பழைய வாய்ச்சொல்லின் புதிய வடிவம். இதனாற் பயன் உண்டா என்று கேட்பீர்கள். ஹாவார்ட் வணிகக் கல்லூரியின் மைக்கல் லூக்கா என்னும் ஆராய்ச்சியாளர் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து உணவுச்சாலைகளின் வருமானக் கணக்கை, யெல்ப் என்னும் தளத்தில் அவை பெற்ற நட்சத்திரங்களோடு ஒப்பிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதைக் கண்டார். அதிலும் முக்கியமானது யாதெனின், இந்தப் பலன் தனி முதலாளிகளின் சிறிய உணவுச்சாலைகளுக்கே கிடைத்தது. ஊருக்கூர் கிளை வைத்த பெரிய கம்பனிகளுக்குக் கிடைக்கவில்லை. பெரிய கம்பனியின் பெயரை எல்லோரும் முன்னமே அறிவர். சிறிய கடையின் தரத்தை அறிய வழியில்லாதிருந்தது. இப்பொழுது வழி பிறந்தது. ஆகவே இந்த யந்திரம் பெரியவருக்கு மாத்திரம் துணை என்று எண்ணி நாம் ஒதுங்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கே பலன் உண்டோ அங்கே கள்ளமும் நுழையும். சொந்தக்காரர் இருபது பேரைக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுவிப்பதும், எதிர்க்கடைக்கு ஒரு நட்சத்திரம் போடுவிப்பதும், காசு கொடுத்துப் புகழுரை வாங்குவதும் உலகெங்கும் நடக்கின்றன. இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கும் இளைஞர்கள் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்லுகிறேன்: இது பொய்ச்சாட்சி. எடைக்கல்லின் அடியைக் குடைவதும் இதுவும் ஒன்றே. அமெரிக்காவில் பொய் மதிப்புரையை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அத்தகைய தடை வந்தது. நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் நடத்தையை வியாபாரிக்கு விலக்கியிருக்கின்றது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தங்கத்தின் மாற்றைத் தன் வாய்ச்சொல்லால் உறுதிசெய்து ஒரு தலைமுறை முழுவதும் தொழில் நடத்திய நகை வேலைக்காரர்கள் வாழ்ந்த ஊர் இது. அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பை இருபது பொய் நட்சத்திரங்களுக்கு விற்கலாமா?

நேரான வழி எளிது. பொருளை வாங்கி மகிழ்ந்து போகிறவரிடம், "உங்களுக்கு மனம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கோ" என்று கேளுங்கள். அதற்காக விலையைக் குறைக்கவோ பரிசு கொடுக்கவோ வேண்டாம்; அது விதிக்கு விரோதம். ஒருவர் குறைகூறி எழுதினால் ஆத்திரப்பட்டு விடை எழுதவேண்டாம். "நீங்கள் சொன்னதை விசாரித்தோம், இன்னவாறு திருத்தினோம், மீண்டும் வாருங்கள்" என்று மரியாதையாக எழுதுங்கள். அதை எழுதியவர் வாசிப்பாரோ இல்லையோ, அவருக்குப் பின் வரும் நூறு பேர் வாசிப்பார்கள். ஐந்து பாராட்டைவிட அடக்கமான ஒரு விடை கடைக்காரரின் குணத்தைக் கூடுதலாகக் காட்டும். வேண்டுமென்றே பொய்யாக எழுதப்பட்டதாயின், அதை நீக்குமாறு கம்பனிக்கு முறையிட வழி உண்டு.

பெரியோர்கள் சிலர் மனத்திலே ஒரு மறுப்பு எழுவதை நான் அறிவேன். "என்னுடைய வாடிக்கைக்காரருக்கு என்னைத் தெரியும், எனக்கு இந்த யந்திரம் எதற்கு?" என்பது அம்மறுப்பு. அதிலே நியாயம் உண்டு. வாடிக்கைக்காரரை ஒருமுறை வாசலுக்குக் கொண்டுவருவதே தேடுபொறியின் வேலை. இரண்டாம் முறை கொண்டுவருவது சரக்கும் சொல்லும் முகமலர்ச்சியுமே. ஆனால் உங்களை அறிந்த வாடிக்கைக்காரருக்கும் வயது போகின்றது. அவர்களின் பிள்ளைகள் உங்களை அறியார்கள். மேலும், நீங்கள் வேண்டாம் என்றாலும் உங்கள் கடை அந்த வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கக்கூடும். வழியே போன எவரும் ஒரு கடையைப் பதியலாம். எவரும் திருத்தம் கூறலாம். "இக்கடை நிரந்தரமாக மூடப்பட்டது" என்றும் அறிவிக்கலாம். உரிமை கோரப்படாத குறிப்பு வேலி இல்லாத வளவு போன்றது. வேலி அடைப்பதற்காவது நீங்கள் அங்கே போகவேண்டும்.

உரிமை கோருவது எப்படி? கடைக்காரர் தமது பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, "இது என் கடை" என்று விண்ணப்பிக்க வேண்டும். கடை உண்மையில் அங்கே இருக்கின்றதா என்று கம்பனி பரிசோதிக்கும். முன்னர் தபாலில் ஓர் இலக்கம் அனுப்பும் முறை பெரிதும் வழங்கியது. இப்பொழுது பெரும்பாலும் வீதியையும் பெயர்ப்பலகையையும் கடையின் உட்புறத்தையும் தொடர்ச்சியாகக் காட்டும் ஒரு சிறு வீடியோவைக் கேட்கிறார்கள். அதன்பின் சாவி கடைக்காரரின் கைக்கு வந்துவிடும். எத்தனை பேர் தொலைபேசியில் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்ற கணக்கையும் அவர் பார்க்கலாம். பேரேடு எழுதத் தெரிந்த வியாபாரிக்கு அக்கணக்கின் அருமை தெரியும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அந்தச் சாவியைப் பிறர் கையிற் கொடுக்காதீர்கள். விளம்பரத் தரகரின் கணக்கிலே கடையைப் பதிந்துவிட்டு, பின்னர் அவரோடு மனத்தாங்கல் வந்ததும் சொந்தக் கடையின் தொலைபேசி இலக்கத்தைக்கூட மாற்ற முடியாமல் நிற்பவர்கள் உண்டு. உரிமையாளர் வேறு, முகாமையாளர் வேறு என்று இரண்டு நிலைகள் அதில் உள்ளன. உதவி செய்பவர் முகாமையாளராய் இருக்கட்டும். உரிமையாளர் கடைக்காரராகவே இருக்கவேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை, ஒரே தூணிற் பாரம் முழுவதையும் ஏற்றக்கூடாது என்பது. கூகிள் கம்பனி தேடுபொறித் துறையிலே தனியுரிமையைச் சட்டவிரோதமாகப் பேணியது என்று 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச்சில், கடைக்குறிப்போடு சேர்த்து இலவசமாகக் கொடுத்திருந்த சிறு இணையப் பக்கங்களை அக்கம்பனி நிறுத்திவிட்டது. அவற்றையே நம்பியிருந்த கடைகள் அந்தப் பக்கங்களை இழந்தன. இரவல் நிலத்திற் கட்டிய வீடு அது. ஆகையால் வசதியுள்ளவர்கள் தமக்கென்று ஒரு சிறு இணையத்தளம் வைத்திருக்க வேண்டும். வசதி இல்லாதவர்கள் வாடிக்கைக்காரரின் தொலைபேசி இலக்கங்களை, அவர்களின் சம்மதத்தோடு, ஒரு கொப்பியிலாவது எழுதி வைத்திருக்க வேண்டும். இப்பொழுது சில கேள்விகளுக்கு யந்திரமே விடையைத் தொகுத்து எழுதிக் கொடுக்கவும் தொடங்கியிருக்கின்றது. நாளைக்கு முறை இன்னும் மாறலாம். எந்த முறை வந்தாலும் அது வாசிக்கப்போவது நாம் எழுதிவைத்த விபரத்தையும் நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதையுமே. பெயர், இடம், நேரம், தொழில், நாணயம் என்னும் ஐந்தும் சரியாயிருந்தால் எந்த மாற்றத்துக்கும் நாம் அஞ்சவேண்டியதில்லை.

அருமை இளைஞர்களே, இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கம் சிரமதானம் செய்கின்றது; கிணறு இறைக்கின்றது; வாசிகசாலை நடத்துகின்றது. இந்த ஆண்டில் இன்னுமொரு சிரமதானம் செய்யுங்கள். இருவர் இருவராகப் பிரிந்து, உங்கள் வீதியிலுள்ள கடைகளுக்குச் செல்லுங்கள். முதலிற் பெரிய கடைக்குப் போகாதீர்கள். ஒழுங்கைக்குள் இருக்கும் தையல்காரி, வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் விதவைத்தாய், பலகை எழுதக் காசில்லாத சயிக்கிள் திருத்துபவர் ஆகியோரிடம் முதலிற் போங்கள். வீட்டு விலாசத்தை வெளியிட விரும்பாதவர்களுக்கு அதை மறைத்து, வேலை செய்யும் ஊர்களை மாத்திரம் காட்டும் வசதியும் உண்டு. பெண்கள் விடயத்தில் இதை மறவாதீர்கள்.

போகும்போது ஒரு தாளிலே ஏழு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். பலகையில் உள்ள பெயர் என்ன? செய்யும் தொழில் என்ன, அதை ஊரார் என்னென்ன சொல்லால் அழைக்கிறார்கள்? வாசல் எங்கே? எந்த இலக்கத்துக்கு அழைத்தால் எடுப்பார்கள்? எப்பொழுது திறப்பு, எப்பொழுது பூட்டு? விசேட நாட்களில் எப்படி? காட்டக்கூடிய படங்கள் எவை? விடைகளை அவர் சொல்லச் சொல்ல எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, அவருடைய தொலைபேசியில், அவருடைய கணக்கில் பதியுங்கள். கடவுச்சொல்லை அவர் கையாலே எழுதி அவரிடமே வைக்கச் சொல்லுங்கள். இதற்குக் காசு வாங்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போய், நேரம் மாறியதா, இலக்கம் மாறியதா என்று பாருங்கள். விதைத்துவிட்டுப் பார்க்காத வயலும், பதிந்துவிட்டுப் பார்க்காத குறிப்பும் ஒன்றே.

பெரியோர்களே, பிள்ளைகள் வாசலுக்கு வரும்போது, "உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர்களிடம் இருப்பது கருவி. உங்களிடம் இருப்பது தொழிலும் சொல்லும். எந்தச் சரக்கு நல்லது, எந்த வேலைக்கு எவ்வளவு நாள் எடுக்கும், எது உங்களால் முடியாது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். முடியாததை முடியாது என்று எழுதும் கடைக்குத்தான் தூரத்திலிருந்து வரும் அந்நியர் நம்பிக்கையோடு வருவார்.

ஒரு காலத்திலே நமது ஊர்களில் வழி தெரியாமல் நின்றவரைக் கண்டால், செய்த வேலையை விட்டு எழுந்து சந்திவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவருவார்கள். அந்தப் பண்பு அழியவில்லை. வழி கேட்பவர்தான் இப்பொழுது வீதியில் நின்று கேட்பதில்லை. எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டு கண்ணாடித் திரையிலே கேட்கிறார். அங்கேயும் அவருக்குச் சரியான வழியைச் சொல்லி, நமது ஊரின் நல்ல தொழிலாளியின் வாசலிற் கொண்டுபோய் விடுவது இளைஞராகிய உங்கள் கடமை.